அஞ்சலையின் துப்பாக்கியும் நான் விழுங்கிய கேள்வியும்

தம்பி,

உன் நீண்ட கடிதம் வந்து ஐந்து மாதமாகிறது. நடுவில் உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்கு நல்ல கம்பளிச் சட்டை வாங்கிக்கொள் என்று இரண்டு அஞ்சலட்டை போட்டேனே தவிர, அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கோபம் வந்தது. முதலில் உன் மேல். கொஞ்சம் ஆறிய பிறகு என் மேல். இப்போது இரண்டும் கலந்துதான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் கோர்ட்டு வேலையிலிருந்து போன வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெற்றுவிட்டேன். இன்னும் ஆறு மாதம் இருந்திருக்க வேண்டியவன். ஏன் முன்னதாக வந்தேன் என்று உன் அம்மா உனக்கு எழுதியிருக்கமாட்டாள். நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

லண்டனில் சட்டக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து நீ எழுதிய அந்தக் கடிதத்தை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன் தெரியாது. அமெரிக்காவில் குடிமக்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், கைத்துப்பாக்கி கூடாது என்று ஓர் ஊரில் தடை போட்டால் அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போடுகிறார்கள் என்று வியந்து வியந்து எழுதியிருந்தாய். அதுவரை சரி. அதற்குக் கீழே, மெர்டேக்கா என்று சுதந்திரம் வாங்கிய பிறகும் நம் ஊர் ஆட்கள் அரசாங்கத்தை எதிர்த்து ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள், கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போவார்கள், நமக்குப் பால் ஊற்றுகிற அஞ்சலை மாதிரி ஆட்களிடம் போய் உரிமை என்று சொன்னால் அது என்ன மாட்டுத் தீவனமா என்று கேட்பார்கள் என்று எழுதியிருந்தாய். சிரிப்பதற்காக எழுதியிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துப்பாக்கி விஷயமாக அரசாங்கத்தை எதிர்த்து இந்த மலாக்காவில் கோர்ட்டுப் படி ஏறிய ஒரே ஆளை எனக்குத் தெரியும். அது அந்த அஞ்சலைதான். அவள் தோற்றதற்கு நானும் ஒரு காரணம்.

நீ அப்போது சிங்கப்பூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது, பின்பக்கம் உன் அம்மாவின் உறவினர் நிலத்தில் ஒரு கொட்டகையும் இரண்டு மாடுகளும் புதிதாக முளைத்திருந்ததைப் பார்த்து யார் என்று கேட்டாய். குருபோங்கிலிருந்து வந்த பால்காரம்மா என்றேன். அதற்குமேல் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குருபோங் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில் அவள் புருஷன் கோவிந்தன் ஜாகாவாக இருந்தான். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கொட்டகைக்குக் காவல். அஞ்சலை தோட்டத்து ஓரத்தில் ஆறு மாடு வைத்துப் பால் விற்றாள். பிள்ளை இல்லை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலம் கடுமையாக இருந்த வருஷங்கள் அவை. ஒரு நாள் பத்து மணிக்கு, வெட்டவெளிச்சத்தில், புகைக்கொட்டகைக்கு நெருப்பு வைக்க வந்தவர்கள் கோவிந்தனைச் சுட்டுவிட்டார்கள். அஞ்சலை அப்போது அவனுக்குச் சோறு கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். சுட்டவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அதே தோட்டத்தில் முன்பு வேலை செய்தவன், அவள் கையால் பால் வாங்கிக் குடித்தவன்.

அவனைப் பிடித்தபிறகு சாட்சி சொல்ல ஆள் கிடைக்கவில்லை. பார்த்த மற்ற இரண்டு பேரும் பார்க்கவில்லை என்றுவிட்டார்கள். ஒரு போலீஸ் அதிகாரி அஞ்சலையைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் வெள்ளைக்காரர், அவருக்குத் தமிழ் தெரியாது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. கோர்ட்டு மொழிபெயர்ப்பாளன் என்று என்னை வரச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சின்ன அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அஞ்சலை முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நான் சொல்லிடறேன் ஐயா. அப்புறம் அவன் ஆளுங்க என்னைத் தேடி வந்தா?”

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அதிகாரி மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, அவள் உயிருக்குப் போலீஸ் பொறுப்பு, இனி அவளுக்கு என்ன ஆனாலும் அது எங்கள் தலைமேல் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அன்று நான் என் வேலையை ஒழுங்காகச் செய்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, “நெசமா சொன்னாரா?” என்றாள். “நெசமாத்தான் சொன்னாரு” என்றேன். அவள் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னாள். எதிரி வக்கீல் இரண்டு மணி நேரம் குடைந்தும் பிசகவில்லை. அவனுக்குத் தூக்கு.

அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் அவள் மாட்டுக்கொட்டகைத் தூணில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அவளால் வாசிக்க முடியவில்லை. வாசித்துச் சொன்னவர்கள் முழுசாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் சினையாக இருந்த பசுவின் பின்னங்கால் நரம்பை அறுத்துப்போட்டிருந்தார்கள். அவள் அந்த அதிகாரியைப் போய்ப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர் என்றே நினைக்கிறேன். இரண்டு நாள் ஒரு மாத்தா போலீஸ்காரனைக் காவலுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் ஆள் இல்லை. தோட்டத்துத் துரையின் மனைவி அப்போது ஊருக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் துரைசாணி இடுப்பில் சின்ன ரிவால்வர் ஒன்றை மாட்டிக்கொண்டுதான் கடைக்கே போவாள். போகும்போது அதை அஞ்சலைக்கு விட்டுப்போவதாகச் சொன்னாள். துரை பேசி, அந்த அதிகாரியும் லைசென்ஸ் எழுதிக் கொடுத்தார். பால்காரிக்கு ரிவால்வர் லைசென்ஸ் என்று ஸ்டேஷனில் எல்லாரும் சிரித்தார்களாம். அவள் சிரிக்கவில்லை. தகர டப்பாக்களை வேலியில் வரிசையாக வைத்துச் சுடப் பழகிக்கொண்டாள். ஒரு விடியற்காலை, பால் கறக்கும் நேரத்தில், கொட்டகை ஓரத்தில் இரண்டு பேர் நின்றதைக் கண்டு, வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுட்டாள். ஓடிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

நாட்டில் மற்ற இடங்களுக்கு முன்னாலேயே மலாக்காவில் வெள்ளைப் பகுதி அறிவித்தார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். இனி இங்கே பயங்கரவாதிகள் இல்லை, ஊரடங்கு இல்லை, அரிசியை அளந்து வாங்க வேண்டியதில்லை என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம். பழைய அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், பகுதி அமைதியாகிவிட்டது, தனியார் கையில் கைத்துப்பாக்கி இனித் தேவையில்லை என்று லைசென்ஸ்களைத் திரும்ப வாங்கத் தொடங்கினார். தோட்டத்துத் துரைமார்களுடையதை வாங்கவில்லை. அவர்களுக்குத் தேவை இருக்கிறதாம். அஞ்சலைக்கு ஒரு காகிதம் வந்தது. பதினான்கு நாளில் ஒப்படைக்க வேண்டும். அவசரகாலச் சட்டத்தின்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் என்ன தண்டனை என்பது உனக்குத் தெரியும். தூக்கு. ஒருவனைத் தூக்குக்கு அனுப்பியதால்தான் அவளுக்குத் துப்பாக்கி தேவைப்பட்டது, அதை வைத்திருந்தால் அவளுக்கும் அதே கயிறு.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பண்டார் ஹிலிரில் ஒரு வக்கீல் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த வக்கீல் போர்த்துகீசியர். வீட்டுக்குப் பால் ஊற்றிய பழக்கம். அரைகுறை மலாயில் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, இதில் ஜெயிப்பது கஷ்டம், ஆனாலும் போட்டுப் பார்க்கலாம் என்றார். அதிகாரி நினைத்தால் லைசென்ஸைக் காரணம் சொல்லாமல் பறிக்கலாம் என்று சட்டம் இருந்தது. வக்கீல் அதை எதிர்க்கவில்லை. பறிப்பதற்கு முன் அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், அது நியாயம் என்பதுதான் அவர் வாதம். கோர்ட்டு தீர்ப்புச் சொல்லும்வரை துப்பாக்கி அவளிடமே இருக்கலாம் என்று ஒரு தற்காலிக உத்தரவுகூட வாங்கிவிட்டார். நீ அங்கே புத்தகத்தில் வாசித்து வியக்கிறாயே, அந்த மாதிரி வழக்குதான் இது. தடித்த புத்தகத்தில் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனுவில் பெரும்பாலும் ஆளைக் கூண்டில் ஏற்றுவதில்லை. ஆனால் நீதிபதி காகிதத்தையெல்லாம் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணை நானே ஒன்று கேட்க வேண்டும் என்றார். இவளுக்கு ஏன் துப்பாக்கி வேண்டும் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். அஞ்சலை கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, நீதிபதியை நேராகப் பார்த்து, தெளிவாகப் பேசினாள். அதை நான் மறக்கவில்லை.

“நான் துப்பாக்கி மேல ஆசப்பட்டுக் கேக்கல. நீங்கதான் என்னைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொன்னீங்க. ஒன் உசிருக்கு நாங்க பொறுப்புன்னு ஒங்க ஆபீசரு சொன்னாரு. இந்தா நிக்கிறாரே, இந்த ஐயாதான் அத எனக்குத் தமிழ்ல சொன்னாரு, அவரையே கேளுங்க. ரெண்டு நாளுக்கு மேல ஒங்களால காவல் குடுக்க முடியல. அதனால என் உசிர நானே பாத்துக்கிட்டேன். இப்ப அதையும் குடுங்கிறீங்க. குடுக்கறேன். என் உசிருக்கு யாரு பொறுப்புன்னு ஒரு பேரச் சொல்லுங்க. அவரு கையில இன்னிக்கே குடுத்துட்டுப் போறேன்.”

கோர்ட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தம்பி, மொழிபெயர்க்கிறவனுக்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான் உண்டு. அந்த ஒரு மூச்சில் எனக்கு என்னவெல்லாம் தோன்றியது என்று நான் சொல்லியாக வேண்டும். அந்த வாக்குறுதிக்கு நான் ஒருவன்தான் சாட்சி. சொன்ன அதிகாரி ஊரைவிட்டே போய்விட்டார். இதை அப்படியே சொன்னால் நீதிபதி திரும்பி, இது உண்மையா என்று என்னையே கேட்பார். நான் மேசைப் பக்கத்திலிருந்து கூண்டுக்குள் போக வேண்டும், போலீசுக்கு எதிராகப் பேச வேண்டும். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் நான். அது ஒன்று. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஒரு பால்காரி இடுப்பில் துப்பாக்கியோடு திரிவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை வாங்கிவிட்டால் அவளுக்கும் நல்லது என்று நானே மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். வாயைத் திறந்தேன். இங்கிலீஷில் நான் சொன்னது இவ்வளவுதான்: அவள் மிகவும் பயந்திருக்கிறாள், தனியாக வாழ்கிறாள், கோர்ட்டின் கருணையை வேண்டுகிறாள்.

நீதிபதி தலையாட்டினார். எழுதிக்கொண்டார். பயம் புரிகிறது, ஆனால் பயம் ஒரு காரணம் ஆகாது, பகுதி இப்போது அமைதியாக இருக்கிறது, இந்த நாட்டில் ஆயுதம் வைத்திருப்பது யாருடைய உரிமையும் அல்ல, அரசாங்கம் கொடுக்கும் அனுமதி, கொடுத்தவர்கள் திரும்ப வாங்கலாம் என்றார். மனு தள்ளுபடி. ஏழு நாளில் ஒப்படைக்க வேண்டும். வக்கீலுக்குத் தமிழ் தெரியாது, அந்த வாக்குறுதியை அவளுடைய அரைகுறை மலாயில் அவர் புரிந்துகொண்டதும் இல்லை, அதனால் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே படிக்கட்டில் அஞ்சலை என்னை நிறுத்தினாள்.

“ஐயா, நான் சொன்னது அம்மாம் நீளம். நீங்க சொன்னது இத்துனூண்டு இருந்துச்சே?”

“இங்கிலீஷ்ல அப்படித்தான் அஞ்சலை. சுருக்கமா வரும்.”

“பேரு கேட்டதையும் சொன்னீங்கதானே?”

“சொன்னேன்.”

“அதுக்கு அவரு என்னா சொன்னாரு?”

“இல்லன்னு சொல்லிட்டாரு” என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இதற்கு மேல் ஒரு பொய் இல்லை.

ஆறாம் நாள் காலை அவள் காஜா பேராங்கில் நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். தனியாக ஸ்டேஷனுக்குப் போக பயமாக இருக்கிறது, ஏதாவது கேட்டால் சொல்ல நான் கூட வர வேண்டும் என்றாள். உன் அம்மா “மாசுக், மாசுக்” என்று அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்து, கையில் காப்பியைக் கொடுத்தாள். மலாய் பேசும் குடும்பத்தில் வளர்ந்த உன் அம்மாவுக்குத் தமிழ் நாலு வார்த்தைதான், அஞ்சலைக்கு மலாய் நாற்பது வார்த்தை இருக்கும். அதை வைத்துக்கொண்டு இருவரும் அரைமணி நேரம் பேசிக்கொண்டார்கள். நடுவில் நான் தேவைப்படவில்லை. துப்பாக்கி ஒரு காலிப் பால் தூக்கில், துணி சுற்றி இருந்தது. உன் அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதா என்றாள். பிறகுதான் குருபோங்கில் இருக்க வேண்டாம், மாட்டைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்துவிடு, எங்கள் சொந்தக்காரர் நிலம் பின்னால் சும்மாதான் கிடக்கிறது என்று சொன்னாள். அஞ்சலையைப் பற்றி நம் வீட்டில் ஒருவர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. அதை நான் செய்யவில்லை.

ஸ்டேஷனில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி துப்பாக்கியைத் திறந்து பார்த்து, ரசீது எழுதி, அவள் கட்டைவிரலை உருட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவளிடம் சொல் என்றார். சொன்னேன். அவள், “அவர வந்து என் மாட்டுக்கொட்டாயில ஒரு நாள் படுத்துப் பாக்கச் சொல்லுங்க” என்றாள். அதிகாரி என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நன்றி சொல்கிறாள் என்றேன். இரண்டாம் முறை எவ்வளவு சுலபமாக வந்தது பார்.

அவள் மிச்சமிருந்த ஐந்து மாட்டில் மூன்றை விற்றுவிட்டு இங்கே வந்தாள். குருபோங்கில் கோவிந்தனைப் புதைத்த இடத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் போக முடிகிறது. அவளைத் தேடி யாரும் வரவில்லை. நீதிபதி சொன்னபடி ஊர் அமைதியாகத்தான் இருந்தது. ஐந்து வருஷமாக நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினேன். பார், ஒன்றும் ஆகவில்லையே, நான் செய்தது நல்லதாகத்தானே முடிந்தது என்று. ஒன்றும் ஆகவில்லை என்பது நான் செய்த தப்புக்குப் பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று காலையில், அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அஞ்சலை பால் ஊற்ற வந்தாள். மகன் எழுதியிருக்கானா, நல்லாயிருக்கானா என்று கேட்டாள். அவளைப் பற்றி நீ எழுதியிருந்தது என் கண்முன்னே இருந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, அங்கேயே, நின்ற நிலையில், கோர்ட்டில் நான் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பால் தூக்கைத் தரையில் வைத்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன்.

“அப்ப நான் என்னா கேட்டேன்னே அந்த ஜட்ஜுக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“பேரு கேட்டது?”

“சொல்லவே இல்ல அஞ்சலை.”

அவள் தூக்கின் பக்கத்திலேயே வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு, “அஞ்சு வருசமா ஐயா, என் உசிருக்கு யாரும் பொறுப்பில்லன்னு அம்மாம் பெரிய மனுசன் ஒருத்தர் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டாருன்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன். அத நெனக்காத நாள் இல்ல. அவரு சொல்லவே இல்லையா?” என்றாள். அப்போதுதான் குரல் உடைந்தது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எழுதுங்க” என்றாள். “இப்ப எழுதுங்க. நான் சொன்னத நான் சொன்னபடியே எழுதுங்க.”

எழுதினேன். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. அவள் சொல்லச் சொல்ல எழுதியது நான் ஞாபகத்தில் வைத்திருந்ததோடு அப்படியே பொருந்தியது. அவளும் மறக்கவில்லை. கீழே, இதை நான் தவறாக மொழிபெயர்த்தேன், அந்த வாக்குறுதியை நானே கேட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் விரல் ரேகை வைத்தாள். கோர்ட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குகிற இடத்தில் இருந்தவர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, மேல்முறையீட்டுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதே, இது எதற்கு என்றார். அடுத்த வாரம் போனால் இன்னொரு மேசைக்குப் போகச் சொன்னார்கள். அந்த மேசையில் இருந்தவர், இது போலீஸ் விஷயம் என்றார். போலீசில், இது கோர்ட்டு விஷயம் என்றார்கள். வெள்ளைக்காரன் போய் நம் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், தம்பி. நாற்காலி அதேதான். முப்பது வருஷம் அந்தக் கட்டிடத்தில் வேலை பார்த்த எனக்கே இப்படி என்றால், வெளியே வெயிலில் காகிதத்தோடு நிற்கிறவர்கள் கதி என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரிசையைத் தினமும் தாண்டித்தான் நான் உள்ளே போவேன். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

கடைசியில் அந்தக் காகிதம் ஒரே ஒரு விதத்தில்தான் பயன்பட்டது. மொழிபெயர்ப்பாளன் தன் கடமையில் தவறியதை ஒப்புக்கொண்டிருக்கிறான் என்று என் மேல் விசாரணை வைத்தார்கள். அவள் வழக்கைத் திறக்க வழி இல்லை, என் வேலையை விசாரிக்க வழி உண்டு. அஞ்சலையைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவரான இன்னொரு மொழிபெயர்ப்பாளர் அவள் பக்கத்தில் நின்றார். அன்று கோர்ட்டில் நீ என்ன சொன்னாய் என்று கேட்டார்கள். அவள் சொன்னாள், அந்தப் பெயர் கேட்ட வரி வரைக்கும். அவர் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். விசாரித்த அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அந்தக் கேள்வி இந்த விசாரணைக்குச் சம்பந்தப்பட்டது இல்லை, ஆனால் பதிவு செய்துகொள்கிறேன் என்றார். அவ்வளவுதான். அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். எனக்கு எச்சரிக்கை, முன்கூட்டியே ஓய்வு. அது நியாயம். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

துப்பாக்கி வீட்டுக்கு வீடு இருக்க வேண்டும் என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. நீ எழுதிய அமெரிக்கச் சட்டம் நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதைப் பற்றி நீ வாதாடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பிடிக்காததைக் கேட்டாள் என்பதற்காக, அவள் கேட்டதையே மாற்றிவிட எனக்கு உரிமை இல்லை. கேள்வி கேட்டவளைக் கெஞ்சுகிறவளாக மாற்றினேன். ஆகவே நம் ஆட்கள் கேட்கமாட்டார்கள் என்று நீ எழுதும்போது, கேட்டதெல்லாம் உன் காதுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று ஒரு தடவை யோசி. நடுவில் என்னைப் போல் ஒருவன் நின்றிருப்பான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு திறந்த வேகத்தில். உன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்னைக் கூப்பிட்டுப் பேசினார் அல்லவா? வீட்டுக்கு வந்து, உன் மகன் சட்டம் படித்தால் பெரிய ஆளாக வருவான் என்று அவர் சொன்னதாக உன்னிடம் சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. இவனுக்குக் கணக்கில் இருக்கும் மூளையை நான் வேறு எந்தப் பிள்ளையிடமும் பார்த்ததில்லை, கணக்கே படிக்கட்டும் என்றார். கோர்ட்டில் கருப்பு அங்கி போட்ட மனிதர்களுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவனுக்கு ஓர் ஆசை. இப்போது நீ அங்கே சந்தோஷமாகத்தான் படிக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றால் எழுது. நான் குறைக்காமல் வாசிக்கிறேன்.

அஞ்சலை இப்போது நமக்குப் பால் ஊற்றுவதில்லை. சண்டை ஒன்றும் போடவில்லை. விசாரணை முடிந்த மறுநாளிலிருந்து நம் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். உன் அம்மா மட்டும் சாயங்காலம் பின்பக்கமாகப் போய் அவளோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறாள், சில நாள் ஒரு செம்பில் பாலும் வருகிறது. அது உன் அம்மாவுக்கு, எனக்கு இல்லை என்று இருவரும் தெளிவாக வைத்திருக்கிறார்கள். நான் காப்பியைப் பால் இல்லாமல் குடித்துப் பழகிக்கொண்டேன்.

முந்தாநாள் மத்தியானம் நான் வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தபோது, புல்லுக்கட்டோடு போனவள் நின்றாள். விசாரணைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது அன்றுதான்.

“ஒங்க மகன் எப்ப வக்கீலாகி வருவான்?”

“இன்னும் ரெண்டு வருசம் ஆகும்.”

“என் கேசத் தொறக்கறதுக்கு ஏதாச்சும் வழி இருக்கான்னு அவன் பாப்பானா?”

“கேட்டு எழுதறேன்.”

அவள் புல்லுக்கட்டை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“நான் சொல்றத அவன் சொன்னபடி சொல்லுவானா?”

சொல்லுவான் என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டேன். “எனக்குத் தெரியாது அஞ்சலை” என்றேன்.

“சரி, வரட்டும். நான் நேராவே கேட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

உன் அப்பா